யாருடைய பவன்?

ஜெர்மன் மொழி கற்பிக்கவும் நாடுகளிடையே பண்பாட்டுப் பரிமாற்றம் செய்யவும் 1951இல் தொடங்கப்பட்டது கோதே நிறுவனம். லாப நோக்கமற்றது. இந்தியாவுக்குள் வந்ததும் அதற்குப் பெயர் மாக்ஸ் முல்லர் பவன்.

யார் இவர்? ரிக் வேதத்தைச் சாயனர் உரையோடு 1849 முதல் 1874 வரை பதிப்பித்த ஜெர்மானியர். இந்தியாவில் கால் வைத்ததே இல்லை. நாம் காதால் கேட்டால் ஈயத்தைக் காய்ச்சி ஊத்தணும் என்றார்களே, அந்த வேதம். ‘அச்சில் ஏற்றி எல்லார் கண்ணுக்கும் காட்டினாரே’ என்பார்கள். சரி. ஆனால் இந்தியப் பண்பாடு என்றதும் ஜெர்மன்காரனுக்கும் வேதம்தான் ஞாபகம் வரணுமா?

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க்கும் ஜெர்மானியர்தான். மதம் பரப்ப வந்தவர், மறைக்க வேண்டாம். ஆனால் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து தமிழ் எழுத்துப் பழகினார். 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். பரிமாற்றம்னா அதுதானே?

போன மாதம் எங்கள் வங்கிக்குக் கடன் கேட்டு வந்தாள், நர்சிங் முடித்த சேரிப் பெண் ஒருத்தி. ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்கு பி2 நிலை தேறணும். தாராளமாகப் படிக்கட்டும், நம் பிள்ளைகள் எல்லாரும் படிக்கணும். விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டே கேட்டாள்: “மாக்ஸ் முல்லர்னா யாரு சார்? நம்மளுக்கு என்ன செஞ்சாரு?”

தோழர்களே, என்ன பதில் சொல்லட்டும்?