உதவி கேட்பதும் காலில் விழுவதும்

நம் நாட்டில் திங்கட்கிழமைதோறும் ஜில்லா கலெக்டர் ஆபீசுகளில் ஜனங்களின் குறைகேட்கும் நாள் நடந்து வருவது யாவரும் அறிந்ததே. அதை மனுநீதி நாள் என்றும் சொல்லுகின்றார்கள். (இப்பெயர் ஒரு சோழ ராஜாவின் கதையால் வந்தது என்பார்கள். எப்படி வந்தாலும் மனுவும் நீதியும் ஒரே வார்த்தைக்குள் சமாதானமாய்க் குடியிருப்பது வேடிக்கைதான்.) அங்கு கொடுக்கப்படும் மனுக்களில் பலவற்றை எடுத்துப் பார்த்தால், முதல் அரைப் பக்கம் முழுவதும் "பாதம் பணிந்து", "ஏழையேன்", "தாங்களே கண்கண்ட தெய்வம்" என்கின்ற வார்த்தைகளாகவே இருக்கும். எந்தக் கிராமம், சர்வே எண் என்ன, பத்திரம் எந்த வருஷத்தியது, இதற்குமுன் யாரிடம் எந்தத் தேதியில் மனு கொடுத்தது, அதற்கு வந்த பதில் என்ன என்பவைகளைத் தேடினால் கிடைக்காது. இதோடு நில்லாமல் மனுதாரர் அதிகாரியின் காலிலும் விழுந்து வைக்கின்றார். அதிகாரி மேலெழுந்தவாரியாகக் கையெழுத்துப் போட்டுத் தாசில்தாருக்கு அனுப்புகின்றார். தாசில்தார் ஆபீசில் எந்த நிலம் என்று தெரியாமல் அது மூலையில் கிடக்கின்றது. மனுதாரரோ, "இவ்வளவு கெஞ்சியும் மனம் இரங்கவில்லையே" என்று அழுகின்றார்.

இரங்கவேண்டிய காரியம் இதில் என்ன இருக்கின்றது என்று கேட்கின்றோம். பட்டா மாற்றுவது இரக்கத்தால் நடக்கிற வேலையா? கணக்கால் நடக்கிற வேலையல்லவா?

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், கோவிலில் இருந்துதான் வந்தது என்பது நமது அபிப்பிராயம். சாமியிடம் சர்வே எண் சொல்லி யாரும் வேண்டிக்கொள்ளுவதில்லை. சாமிக்கு எல்லாம் தெரியுமாம். ஆகையால் விஷயத்தைச் சொல்லவேண்டியதில்லை, புகழ்ந்து விழுந்து கும்பிட்டால் போதுமாம். இப்படியே தலைமுறை தலைமுறையாய்ப் பழகிய மனிதன், ஆபீசரிடத்திலும் டாக்டரிடத்திலும் வக்கீலிடத்திலும் அதே முறையைக் கையாளுகின்றான். எதிரில் இருக்கிறவர் நம்மைப்போல ஒரு மனிதர், நாம் சொன்னால்தான் அவருக்குத் தெரியும் என்கின்ற எண்ணமே வருவதில்லை.

நிற்க, மரியாதை வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. "ஐயா, வணக்கம்" என்பது மரியாதைதான். ஆனால் அதைவிடப் பெரிய மரியாதை, உதவி செய்கிறவருடைய நேரத்தை வீணாக்காமல் இருப்பது. என்ன வேண்டும் என்பதை முதலில் சொல்லுவதும், நாம் இதுவரை செய்து பார்த்தது என்ன என்பதை ஒளிக்காமல் சொல்லுவதும், காரியம் முடிந்தபின் முடிந்தது என்று ஒரு வார்த்தை தெரிவிப்பதும்தான் அந்த மரியாதை.

ஒளிக்காமல் என்று சொன்னோமே, அதில்தான் உயிர் இருக்கின்றது. பாம்பு கடித்தவனைத் தூக்கிக்கொண்டு முதலில் மந்திரக்காரனிடம் போகின்றார்கள். இரண்டு மணி நேரம் போனபின் ஆஸ்பத்திரிக்கு வருகின்றார்கள். டாக்டர் கேட்டால், "இப்பொழுதுதான் கடித்தது" என்கின்றார்கள். வேப்பிலை அடித்ததைச் சொல்ல வெட்கம்! கடித்த நேரம், கயிற்றால் இறுக்கிக் கட்டினார்களா, கீறினார்களா, பச்சிலை கொடுத்தார்களா என்பவைகள் தெரிந்தால்தான் வைத்தியம் சரியாக நடக்கும். இறுக்கிய கட்டைத் திடீரென்று அவிழ்த்தாலே ஆபத்து நேரலாம். சிலர் விவரம் சொல்லுவதற்குப் பதிலாகப் பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுவர ஓடுகின்றார்கள். அதற்கும் அவசியமில்லை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் நம் நாட்டில் ஒரே விஷமுறிவு மருந்துதான் கொடுக்கப்படுகின்றது. டாக்டரின் காலைப் பிடித்துக்கொண்டு கதறுவதைவிட, கடித்த மணியைச் சரியாகச் சொல்லுவது நோயாளிக்குச் செய்யும் பேருதவியாகும்.

இன்னொரு கூட்டம் இருக்கின்றது. இவர்கள் காலில் விழுவதில்லை. "நான் இன்ன ஊர், இன்ன ஜாதி, தங்களுக்கும் சொந்தம்தான்" என்று ஆரம்பிப்பவர்கள். 1929-ம் வருஷம் செங்கற்பட்டில் நடந்த முதலாவது சுயமரியாதை மகாநாட்டில் பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டத்தை விட்டுவிடும்படி தீர்மானம் செய்யப்பட்டது. பெயரில் விட்டதைச் சிபார்சில் சேர்த்துக் கொள்ளுகின்றார்கள்!

உதவி செய்கிற இடத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "இதுகூடத் தெரியாதா?" என்று சிரிப்பவர்களை நாம் அநேக ஆபீசுகளில் பார்க்கின்றோம். படிக்கவே கூடாது என்று பல நூறு வருஷமாய் ஒதுக்கி வைக்கப்பட்ட ஜனங்களிடம், அதிலும் பெண்களிடம், இப்படிச் சிரிப்பதற்கு இவர்களுக்கு என்ன யோக்கியதை இருக்கின்றது? தெரியாததைக் கேட்பது இழிவல்ல. கேட்டவனை இழிவுபடுத்தி அனுப்பினால், அவன் அடுத்த தடவை ஜோசியனிடம்தான் போவான்.

2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இவ்விஷயத்தில் நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றது. சர்க்கார் ஆபீசில் தகவல் கேட்பவன் எதற்காகக் கேட்கின்றான் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை. எழுதத் தெரியாதவன் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர அதிகாரியே உதவி செய்யவேண்டும். சாதாரணமாய் 30 நாளைக்குள் பதில் வரவேண்டும். வராவிட்டால் அப்பீல் உண்டு. இதில் எந்த இடத்திலும் பாதம் பணியும்படி ஒரு வரியும் இல்லை.

ஆகவே தோழர்களே, அடுத்த திங்கட்கிழமை மனுவோடு போகிறவர்கள், மனு எழுதுகிறவரிடம் அந்தத் தெய்வத்தையும் பாதத்தையும் அடித்துவிட்டு அந்த இடத்தில் சர்வே எண்ணையும், முன் கொடுத்த மனுவின் தேதியையும் போடச் சொல்லுங்கள். அவர் அதற்காக அதிகக் கூலி கேட்கமாட்டார். மனுவின் நகல் ஒன்றையும், ஒப்புகைச் சீட்டையும் வாங்கிப் பத்திரமாய் வைத்துக்கொள்ளுங்கள்.