பின்பலகையைத் துளைக்கும் முன்

ஃபைபர் படகில் ஆழமறியும் எக்கோ சவுண்டர் பொருத்த வருபவர் முதலில் கையில் எடுப்பது டிரில் மெஷினைத்தான். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். இன்ஜினைத் தாங்கும் பின்பலகை வெளியே ஃபைபராகத் தெரிந்தாலும், பல படகுகளில் உள்ளே இருப்பது பிளைவுட். எக்கோ சவுண்டரின் நீருக்கடிப் பகுதியான டிரான்ஸ்டியூசரின் ஒயருக்குப் போட்ட ஓட்டையில் தண்ணீர் கசிந்தால் அந்தப் பிளைவுட் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும். மேலே பெயின்ட் பளபளவென்றிருக்கும். இன்ஜினை முடுக்கும்போது பலகை நெளிந்தால்தான் விஷயம் தெரியவரும். ஒயரைப் பலகையின் மேல்விளிம்பு வழியாகவே உள்ளே கொண்டுவரலாம், அதுதான் நல்லது. துளைத்தே ஆகவேண்டுமென்றால் நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே துளையுங்கள். முதலில் தேவைக்கு மேல் பெரிதாகத் துளைத்து, எபாக்சியால் அடைத்து, இறுகியபின் அதன் நடுவே ஒயர் முனையிலுள்ள பிளக் நுழையும் அளவுக்கு மறுபடி துளையிட்டால் மரத்தில் ஈரம் ஏறாது. சின்ன ஓட்டை போதுமென்று ஒயரை வெட்டி ஒட்டுப்போடுவதை நான் ஒப்பவே மாட்டேன். சிக்னல் கெடும், ஆழமறியும் கருவியையே நம்ப முடியாமல் போகும். ஒயரைச் சுற்றி மெரைன் சீலன்ட் வையுங்கள். டிரான்ஸ்டியூசர் பிராக்கெட்டின் ஸ்க்ரூக்கள் நீருக்கடியிலேயே கிடப்பவை. அவற்றுக்கும் தவறாமல் வையுங்கள்.