கல்லூரிக் களத்திற்குப் பின்...

மாலையில் மணி அடித்ததும் பந்தை எடுத்துக்கொண்டு திடலுக்கு ஓடும் நம்மைப் பார்த்து, "இதனால் நாளைக்கு என்ன பயன்?" என்று கேட்போர் பலர். வீட்டில் கேட்கிறார்கள், உறவினரும் கேட்கிறார்கள். கேள்வியில் தவறில்லை. ஆகவே, கல்லூரி மகளிர் கூடைப்பந்து மிகவும் செழித்துள்ள அமெரிக்க நாட்டை நோக்கி விடை தேடினோம். கல்லூரியில் கொடிகட்டிப் பறந்த வீராங்கனைகள் தொழில்முறை ஆட்டத்தில் எவ்வாறு விளங்குகின்றனர்?

முதலில் பழைய நிலையைக் காண்போம். 1972, 1973, 1974 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் கல்லூரி மகளிர் தேசியப் பட்டத்தை வென்றது, பென்சில்வேனியாவிலுள்ள இம்மாகுலாட்டா என்னும் சிறிய கத்தோலிக்கக் கல்லூரி. அருட்சகோதரிகளே வாளிகளைத் தட்டி அவ்வணிக்கு உற்சாகமூட்டினார்களாம்! ஆயினும் அந்த வீராங்கனைகள் படிப்பை முடித்து வெளிவந்தபோது, ஆட்டத்தையே தொழிலாகக் கொள்ள நாட்டில் மகளிர் லீக் ஒன்றும் இல்லை. அவ்வணியில் ஆடிய மரியான் ஸ்டான்லி பயிற்சியாளரானார். தம் மாணவியரை 1979, 1980, 1985 ஆம் ஆண்டுகளில் தேசியப் பட்டம் பெறச் செய்தார்.

லினெட் உட்டார்டின் கதை இன்னும் உருக்கமானது. கான்சாஸ் பல்கலைக்கழகத்திற்காக 3,649 புள்ளிகள் குவித்த அவர் 1981-இல் கல்லூரி ஆட்டத்தை முடித்தார். 1978-இல் தொடங்கிய முதல் மகளிர் தொழில்முறை லீக் அதே 1981-இல் மூடப்பட்டது! அவர் இத்தாலிக்குச் சென்று ஆடினார். 1984-இல் ஒலிம்பிக் தங்கம் வென்ற அணிக்குத் தலைமை தாங்கினார். 1985-இல் ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ் என்னும் புகழ்பெற்ற ஆடவர் குழுவில் இடம்பெற்ற முதல் பெண்மணியானார். டபிள்யூ.என்.பி.ஏ. என்னும் மகளிர் லீக் 1997-இல் ஆட்டங்களைத் தொடங்கியபோது அவருக்கு வயது முப்பத்தேழு. அப்பொழுதும் அவர் களமிறங்கினார். திறமை இல்லாமல் அவர் காத்திருக்கவில்லை. இடம் இல்லாமல் காத்திருந்தார்.

இன்று இடம் உண்டு. ஆனால் அது ஊசிமுனை அளவே. 2024-இல் அந்த லீக்கில் இருந்தவை 12 அணிகள். ஓர் அணிக்கு அதிகம் போனால் 12 பேர். ஆக மொத்தம் 144 இடங்கள். முதற்பிரிவில் ஆடும் கல்லூரிகளோ 350-க்கும் மேல். அவ்வாண்டு அணிகள் தேர்ந்தெடுத்த 36 புதியவர்களுள்ளும் பலர், முதல் ஆட்டத்திற்கு முன்பே வீடு திரும்ப நேர்ந்தது. மூட்டை கட்டிய அப்பெண்களைத் தோற்றவர்கள் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இடம் கிடைத்தவர்க்கும் பாதை எளிதன்று. அயோவா பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் கிளார்க் 3,951 புள்ளிகள் எடுத்து, கல்லூரி முதற்பிரிவில் ஆடவரும் எட்டாத சாதனை படைத்தவர். 2024 மே மாதம் இண்டியானா ஃபீவர் அணிக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே பத்து முறை பந்தை இழந்தார். அவருடைய அணி முதல் ஒன்பது ஆட்டங்களில் எட்டில் தோற்றது. "கல்லூரிப் புகழ் அவ்வளவுதான்" என்று சிலர் கைகொட்டிச் சிரித்தனர். அவர் தளரவில்லை. அதே ஜூலையில் ஒரே ஆட்டத்தில் 19 முறை தோழியர் கூடையிடப் பந்தை வழங்கி லீக் சாதனை செய்தார். ஆண்டின் சிறந்த புதுமுகமாகவும் தேர்வானார். தாம் போடுவதைவிடப் பிறரைப் போட வைப்பதில் அவர் படைத்த இச்சாதனையே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஊதியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்த முதல் ஆண்டில் லீக்கில் அவர் பெற்ற ஊதியம் 76,535 டாலர். அதே காலத்தில் ஆடவர் லீக்கில் கடைசி இருக்கையில் அமரும் புதியவருக்கும் குறைந்த அளவு பத்து இலட்சம் டாலருக்கு மேல்! "பார்ப்பவர் குறைவு, ஆதலால் பணமும் குறைவு" என்பர். ஆனால் 2024 ஏப்ரலில் நடந்த கல்லூரி மகளிர் இறுதி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் கண்டோர் ஒரு கோடியே எண்பது இலட்சத்திற்கும் மேல். அவ்வாண்டு ஆடவர் இறுதி ஆட்டத்தைக் கண்டோரை விட அது அதிகம். காட்டினால் பார்க்கிறார்கள். காட்டாமலே வைத்திருந்து, பார்ப்பாரில்லை என்று கூறுவது நீதியாகுமா?

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கும்போது நமக்கு இரண்டு உண்மைகள் புலனாகின்றன. ஒன்று, பந்தை மட்டும் நம்பிப் புத்தகத்தை மூடிவிடலாகாது. இருக்கும் சில இடங்கள் எல்லாருக்கும் சோறு போடா. மற்றொன்று, தொழில்முறை அணியில் சேராத ஆட்டம் வீணான ஆட்டம் என்பதும் பொய்.

இதற்கு மாயா மூர் சான்று. கனெக்டிகட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து, மினசோட்டா லிங்க்ஸ் அணியில் நான்கு முறை பட்டம் வென்றவர் அவர். புகழின் உச்சியில் இருந்தபோதே 2019-இல் ஆட்டத்தை நிறுத்தினார். எதற்காக? செய்யாத குற்றத்திற்காகச் சிறையில் வாடிய ஜோனதன் அயன்ஸ் என்பவரின் விடுதலைக்குப் பாடுபடுவதற்காக. 2020-இல் தண்டனை நீக்கப்பட்டு அவர் வெளியே வந்தார். அந்நாளை எந்தப் புள்ளிப் பலகையில் எழுதுவது?

தோழியரே! நாளை நம்மில் எவரேனும் பெரிய அணியில் ஆடலாம். எவரும் ஆடாமலும் போகலாம். ஆனால் விழுந்தவளைக் கைகொடுத்துத் தூக்கவும், தோற்ற பின் எதிரணியோடு கைகுலுக்கவும், மறுநாள் மீண்டும் திடலுக்கு வரவும் இங்கே பழகிக்கொள்கிறோம். "என்ன பயன்?" என்று இனி எவரேனும் கேட்டால் இதையே சொல்வோம். சொல்லிவிட்டு, பாடத்தையும் முடித்துவிட்டு, பந்தை எடுப்போம்!