பல்லிழந்த நாய்க்கும் பசி உண்டு

பைரவருக்கு வாகனம் நாய். உடன் வந்த நாயைக் கைவிட்டுச் சொர்க்கம் புக மறுத்தவர் தருமபுத்திரர். இக்கதைகளைக் குழந்தைகளுக்குச் சொல்லும் வீடுகளிலேயே வயதான நாய் பாரமாகிவிடுவது வருந்தத்தக்கது.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். முதுமையிலும் ஈறு நோயிலும் அவற்றில் பெரும்பாலானவை போய்விடலாம். அதனால் அதன் காலம் முடிந்ததென்று எண்ணலாகாது. நாய் மனிதரைப்போல மென்று அரைப்பதில்லை. கடித்து விழுங்குவதே அதன் வழக்கம். கடைகளில் விற்கும் உலர்ந்த நாயுணவை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பிசைந்து கொடுக்கலாம். குழைய வெந்த சோற்றில் எலும்பு நீக்கிய கோழிக்கறியும் சேர்க்கலாம். சிறிது சிறிதாகப் பலமுறை கொடுப்பது நலம். வளைகுடா வெயிலில் ஈர உணவு விரைவில் கெடும். மிச்சத்தை உடனே எடுத்துவிட வேண்டும். வாயில் வலியோ துர்நாற்றமோ இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

மென்மையாக இருக்கிறதே என்று சர்க்கரைப் பொங்கலையும் சாம்பார் சாதத்தையும் வைப்பது தவறான அன்பு. உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயமும் பூண்டும் இரத்தத்தைக் கெடுக்கும். பிரசாதமே ஆனாலும் அதற்கு ஒவ்வாது.

ஐக்கிய அரபு அமீரகத்தின் 2007-ஆம் ஆண்டு 16-ஆம் எண் கூட்டாட்சிச் சட்டம், விலங்கைப் பேணும் பொறுப்பை அதை வளர்ப்பவர்மீது வைக்கிறது. ஊர் திரும்பும் குடும்பம் கிழநாயைத் தெருவில் விட்டுச் செல்வது தருமத்துக்கும் விரோதம். பல் இருந்த நாளில் வீட்டைக் காத்த நாய்க்கு, பல் போன நாளில் ஒரு கிண்ணம் குழைந்த சோறு வைப்பது வீட்டாரின் கடமை.