பத்தாவது பாஸுக்குப் போன் மட்டும் போதுமா?

விழுப்புரம் புதிய பஸ் ஸ்டாண்டைச் சுற்றிய சுவர்களிலும் திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழேயும் டுட்டோரியல் நோட்டீஸ் ஒட்டிய காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதே வாசகம் இப்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வருகிறது: பள்ளிக்குப் போக வேண்டாம், வீட்டை விட்டு நகர வேண்டாம், மூன்றே மாதத்தில் பத்தாவது பாஸ். பணம் கட்டினால் செயலியில் வீடியோ திறக்கும். ‘கையில் போனும் நெட்டும் இருக்கும்போது பத்தாவது எழுத வேறென்ன வேண்டும்’ என்று படித்தவர்களே கேட்கிறார்கள்.

கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. அரசு பஸ்ஸில் டிரைவர், கண்டக்டர் வேலைக்கு மனுப் போடப் பத்தாவது வேண்டும். குரூப் 4 எழுதவும் வேண்டும். வளைகுடாவுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர் பத்தாவது பாஸ் செய்யாவிட்டால் ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்தான் கிடைக்கும், குடிபெயர்வு அனுமதிக்கென்று தனியாக அலைய வேண்டும். 2025-ல் மாநிலத்தின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 93.80 சதவீதம். அந்தக் கணக்கில் வராதவர்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு: எட்டாவதோடு அப்பா அம்மாவுடன் கரும்பு வெட்டப் போனவர், திருவக்கரைப் பக்கம் குவாரிக்குப் போனவர், கல்யாணத்தோடு படிப்பு நின்றுபோன பெண். ஊரே பாஸ் ஆகிவிட்டதால் டுட்டோரியல்களுக்குக் கூட்டம் இல்லை. மிஞ்சியவர்கள் ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடக்கிறார்கள். ஆன்லைன் வியாபாரம் நுழைந்தது இந்த இடைவெளியில்.

பாடம் கிடைக்காததுதான் இவர்களுடைய பிரச்சினை, அதை நாங்கள் தருகிறோம் என்பது விற்பவர்களின் முதல் வாதம். பாடம் ஏற்கெனவே இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ்நாடு பாடநூல்கள் பி.டி.எஃப். வடிவில் காசில்லாமல் இறங்குகின்றன. புத்தகத்திலேயே கியூஆர் குறியீடு இருக்கிறது. போனைக் காட்டினால் பாட வீடியோ வரும். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் வகுப்புகள் யூடியூபில் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கும் செயலியில் பல நேரம் இருப்பதும் இதே பாடம்தான், வேறொரு குரலில். சில இடங்களில் அதுவும் பழைய பாடம். பத்தாம் வகுப்புக்குப் புதிய புத்தகம் 2019-20-ல் வந்தது. தமிழும் ஆங்கிலமும் இரண்டிரண்டு தாளாக இருந்தது அந்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு தாளாயிற்று. இன்னும் ‘தமிழ் இரண்டாம் தாள்’ என்று தலைப்புப் போட்டு வீடியோ வைத்திருக்கும் கோர்ஸை அந்த இடத்திலேயே மூடிவிடலாம்.

வீட்டிலிருந்தே எல்லாம் முடியும் என்பது இரண்டாவது வாதம். ஆபத்தானது இதுதான். பதினாலரை வயது நிறைந்த யாரும் நேரடித் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதலாம் என்பது சரி. ஆனால் அறிவியலில் 100-க்கு 25 மதிப்பெண் செய்முறைக்கு. அதற்கான பயிற்சி வகுப்பில் மாவட்டக் கல்வி அலுவலகம் வழியாக முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஒதுக்கும் பள்ளிக்கு நேரில் போக வேண்டும். 80 சதவீத வருகை இருந்தால்தான் தேர்வு எழுத விடுவார்கள். கருத்தியலில் 20, செய்முறையில் 15 என்று தனித்தனியாக எடுத்தால்தான் அறிவியலில் பாஸ். எழுத்துத் தேர்வுக்கான விண்ணப்பத்தையும் அரசுத் தேர்வுகள் சேவை மையத்துக்கு நேரில் போய்த்தான் பதிய வேண்டும். ஜனவரியில் பணம் வாங்கிக்கொண்டு ‘மார்ச்சில் பரீட்சை’ என்று சொல்பவரிடம் செய்முறைப் பதிவைப் பற்றிக் கேளுங்கள். ‘அதெல்லாம் பாத்துக்கலாம் சார்’ என்று பதில் வந்தால் அந்த வருஷம் போனது என்று வைத்துக்கொள்ளலாம்.

தனித்தேர்வருக்கு யாரும் சலுகை காட்டுவதில்லை என்பதற்கு 2020 ஓர் உதாரணம். கொரோனாவால் பள்ளி மாணவர் அத்தனை பேரும் தேர்வில்லாமலே தேர்ச்சி பெற்றார்கள். தனித்தேர்வர்கள் மட்டும் செப்டம்பரில் முகக்கவசத்தோடு போய்த் தேர்வு எழுதினார்கள்.

மூன்றாவது வாதம் ‘உத்தரவாதம்’. வீடியோ பார்த்தால் புரியும், புரிந்தால் பாஸ் என்கிறார்கள். புரிவதில் எனக்குச் சந்தேகமில்லை. திண்டிவனம் நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண் வட்டத்துக்குத் தொடுகோடு வரையும் வீடியோவை என்னிடம் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு படியையும் ஆசிரியர் சொல்வதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். பேப்பரைக் கொடுத்து வரையச் சொன்னேன். காம்பஸின் திருகு தளர்ந்திருந்தது. வில் வரைய வரைய ஆரம் அகன்றுகொண்டே போயிற்று. அதை இறுக்கிக் கொடுத்த பிறகு படம் சரியாக வந்தது. உதவிப்படம் போடவில்லை. வரைமுறை எழுதவில்லை. ‘படம் சரியாத்தானே சார் இருக்கு?’ என்றார். சரியான படத்துக்கே ஏன் மதிப்பெண் குறையும் என்று அவருக்குச் சொல்ல அந்தச் செயலியில் ஆள் இல்லை. ஓடுகிற வீடியோ அவர் என்ன வரைந்தார் என்று பார்ப்பதில்லை.

கணக்குத் தாளையே எடுத்துக்கொள்வோம், பெரும்பாலோர் பயப்படுவது அதற்குத்தான். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. வடிவியலும் வரைபடமும் எட்டெட்டாக 16. ஒரு மதிப்பெண்ணில் 10, இந்தப் பதினாறில் 14 எடுத்தால் 24 ஆயிற்று. இரண்டு மதிப்பெண் வினாவில் மூன்றும் ஐந்து மதிப்பெண் வினாவில் ஒன்றும் சரியாகப் போட்டால் 35. பதினைந்து வருஷம் கழித்துப் பேனா பிடிப்பவருக்கு வேண்டியது இந்த வழிதான். பழைய டுட்டோரியல் வாத்தியார்கள் முதல் நாளே வடிவியலில் ஆரம்பிப்பார்கள். செயலிகளோ புத்தக வரிசைப்படி ‘உறவுகளும் சார்புகளும்’ என்று தொடங்குகின்றன. பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அதோடு, மூன்று மணி நேரம் கை வலிக்காமல் எழுதுவதும் ஒரு பயிற்சி. அது விரலால் திரையைத் தள்ளி வருவதில்லை.

அமெரிக்காவில் 1942-ல் படைவீரர்களுக்காகத் தொடங்கிய, பள்ளிப் படிப்புக்கு இணையான ஜி.இ.டி. தேர்வை இன்று வீட்டிலிருந்தே கணினியில் எழுதலாம். ஆனால் அதற்கு முன் ‘ஜி.இ.டி. ரெடி’ என்ற அதிகாரபூர்வ மாதிரித் தேர்வில் பச்சை நிற மதிப்பெண் எடுத்திருக்க வேண்டும். தயார் என்று சொல்வது கோர்ஸ் விற்பவர் அல்ல, எழுதிய தாள். நம்மிடம் அப்படி ஒரு ஏற்பாடு இல்லாததால் ‘உத்தரவாதம்’ என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் அச்சடிக்க முடிகிறது.

‘எந்த போர்டாக இருந்தால் என்ன, சர்ட்டிபிகேட் சர்ட்டிபிகேட்தானே’ என்பது அடுத்தது. மாநிலத் தேர்வு வேறு, தேசியத் திறந்தநிலைப் பள்ளி வேறு. 1989-ல் தொடங்கிய அந்தத் திறந்தநிலைப் பள்ளி ஒரு நல்ல வழிதான். பாடங்களைத் தேர்ந்தெடுக்கலாம், கணக்கு கட்டாயமில்லை, பாஸ் மார்க் 33, ஐந்து ஆண்டில் ஒன்பது வாய்ப்பு. வேலை, குழந்தை என்று இழுபடுகிறவருக்கு ஏற்றது. ஆனால் அதிலும் 20 சதவீத மதிப்பெண் வீட்டில் எழுதிக் கொடுக்கும் ஒப்படைவுகளுக்கு. ‘அதை நாங்களே எழுதிக் கொடுத்துவிடுவோம்’ என்று சில இடங்களில் சொல்கிறார்கள். அந்த ஆளுக்கு இருந்த ஒரே எழுத்துப் பயிற்சியும் அதோடு போகிறது. இன்னும் சிலர் பெயரே கேள்விப்படாத ஏதோ ஒரு போர்டின் பேரில் சான்றிதழ் தருகிறார்கள், வேறு சிலர் ‘பத்தாவதே வேண்டாம், நேரா டிகிரி’ என்கிறார்கள். பத்தாவதும் பிளஸ் 2-வும் இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று தமிழக அரசு 2009-லேயே ஆணை போட்டாயிற்று.

விற்பவர்கள் வாய் திறக்காத வழி ஒன்றும் உண்டு. எட்டாவது முடித்து இரண்டாண்டு ஐ.டி.ஐ. படித்தவர் தமிழும் ஆங்கிலமும் மட்டும் தனித்தேர்வராக எழுதிப் பத்தாவதுக்கு இணையான சான்று பெறலாம். அவருக்கு ஐந்து பாட ‘பேக்கேஜ்’ விற்பது அநியாயம்.

இதையெல்லாம் சொன்னால் ‘அப்படியானால் பழையபடி டுட்டோரியலுக்குப் போகச் சொல்கிறீர்களா’ என்பார்கள். எல்லோரும் போக முடியாது. மரக்காணம் உப்பளத்தில் நிற்கிற பெண் மாலை ஆறு மணி வகுப்புக்குத் திண்டிவனம் வந்து திரும்ப முடியாது. குவாரி ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு இரவு பத்து மணிக்கு வாய்ஸ் மெசேஜில் ஒரு சந்தேகம் தீர்ந்தால் அது பெரிய உதவி. டுட்டோரியல்களிலும் நோட்ஸைப் படித்துக்காட்டி அனுப்பியவர்கள் இருந்தார்கள். ஆன்லைனுக்கு நான் எதிரி இல்லை. வீடியோவுக்குக் காசு, திருத்துவதற்கு ஆள் இல்லை என்ற ஏற்பாட்டைத்தான் ஏற்க முடியவில்லை.

மூன்று மாதம் என்ற அவசரத்துக்கும் காரணம் இல்லை. பாஸான பாடம் பாஸானதுதான். விட்டதை மட்டும் ஜூன், ஜூலையில் வரும் துணைத் தேர்வில் எழுதிக்கொள்ளலாம்.

கோர்ஸை எடைபோட ஒரு வழி சொல்கிறேன். பணம் கட்டும் முன், பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, நேரம் வைத்து, பேனாவால் எழுதி, போட்டோ பிடித்து அவர்களுக்கு அனுப்புங்கள். எந்த வினாவுக்கு எவ்வளவு, எங்கே ஏன் குறைந்தது என்று குறித்து ஒரு வாரத்தில் திரும்பி வருகிறதா பாருங்கள். கூடவே, இந்த ஆண்டு அறிவியல் செய்முறைப் பதிவு எப்போது என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வந்தால் கட்டலாம். ‘முதல்ல அட்மிஷன் போடுங்க’ என்று மட்டும் வந்தால், அந்தப் பணத்தில் ஒரு நல்ல காம்பஸ் பெட்டியும் கிராஃப் நோட்டும் வாங்கிக்கொண்டு, தெருவில் பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருக்கும் யாரையாவது பார்த்து, மீதியை வாரம் இரண்டு தாள் திருத்தித் தருவதற்குக் கொடுத்துவிடலாம்.