உறைபனியும் எங்கள் வீட்டுக் குழாயும்



மார்கழி பிறந்துவிட்டால் கந்தப்பளையில் நாங்கள் அந்தியில் வானத்தைத்தான் பார்ப்போம். மேகம் மூடியிருந்தால் பயமில்லை. காற்று அசையாமல் நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்தால், விடியற்காலையில் துகள் உறைபனி விழும். 6,000 அடிக்கு மேலுள்ள ஊர் இது. நிலத்தின் சூடு இரவில் வெளியேற, கனமான குளிர்காற்று பள்ளங்களில் தேங்கும். கொழுந்தும் கிழங்குச் செடியும் கருகுவது அங்கேதான்.

1977 வன்செயலில் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பம் எங்களுடையது. 2009 இல் கணவரை இழந்தேன். முகாம் வாழ்க்கைக்குப் பின், 2011 கடைசியில் இரண்டு பிள்ளைகளோடு சின்னம்மாவின் லயத்துக்கு வந்தேன். கிளிநொச்சி வெயிலில் வளர்ந்தவளுக்குத் தண்ணீர் குழாய்க்குள் கல்லாகும் என்று எப்படித் தெரியும்?

அந்தத் தை மாதத்தில் ஒரு நாள் அதிகாலை தண்ணீர் வரவில்லை. ஊற்றிலிருந்து வரும் கறுப்புப் பைப் புல்லின் மேல் கிடந்தது. உப்புத் தூவியதுபோல அதன்மேல் வெள்ளை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு நேரமாகிறதே என்ற அவசரத்தில் கொதிநீரை ஊற்றினேன். வெயிலில் காய்ந்து பழசான பைப் பிளந்துவிட்டது. சரிசெய்ய வருகிறேன் என்றவர் மூன்று நாளாக வரவில்லை. பீலியிலிருந்து குடம் சுமந்தேன். ஆண் துணை இல்லாத வீடென்றால் ஒரு பைப்புக்கும் காத்திருக்க வேண்டுமா என்று அழுகை வந்தது.

நான்காம் நாள் பக்கத்து லயத்து அக்கா வந்தார். "அழுதா தண்ணி வராது தங்கச்சி, கத்திய எடு" என்றார். பிளந்த துண்டை வெட்டி எறிந்து, இரு முனைகளையும் வெந்நீரில் தோய்த்து இளக்கி, இணைப்புத் துண்டைச் செருகி, கம்பியால் இறுக்கக் காட்டித் தந்தார். அரை மணி நேர வேலைதான்.

அன்று முதல் ஒவ்வொரு கார்த்திகையிலும் நான் செய்வது இவை:

பைப்பை ஒரு அடி ஆழத்தில் புதைக்கிறேன். பனி நிலத்தின் மேலேதான். மண்ணுக்குள் சூடு நிற்கும். மேடு பள்ளமில்லாமல் ஒரே சரிவாக இறக்க வேண்டும். பள்ளத்தில் தேங்கும் நீர்தான் முதலில் உறையும்.

புதைக்க முடியாத இடத்திலும் குழாயடியிலும் காய்ந்த சாக்கைச் சுற்றி, மேலே பொலித்தீன் கட்டுகிறேன். நனைந்த சாக்கால் பயனில்லை.

பனி விழும் இரவில் இரண்டு குடம் நிரப்பி உள்ளே வைத்துவிட்டு, ஊற்றிலிருந்து பைப்பின் வாயை எடுத்துவிட்டு, கீழேயுள்ள குழாயைத் திறந்து விடுகிறேன். மேலே காற்றுப் புகுந்தால்தான் நீர் முழுதும் வடியும். தண்ணீர் உறையும்போது பத்தில் ஒரு பங்களவு பெருக்கும். இடமில்லாவிட்டால் பைப் வெடிக்கும். பல வீடுகளுக்கு ஒரே பைப் என்றால் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

உறைந்தே விட்டால் கொதிநீர் வேண்டாம். குழாயைத் திறந்து வைத்து, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை வாய்ப்பக்கத்திலிருந்து சுற்றி வாருங்கள்.

இப்போது என் அலுமாரியில் ஒரு கத்தி, குறடு, நான்கு இணைப்புத் துண்டுகள் உண்டு. பைப் வெடித்தால் லயத்தில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

வன்னியிலும் மட்டக்களப்பிலும் இருக்கும் சகோதரிகளுக்கு உறைபனி இல்லை. ஆனாலும் பம்பு, கூரை, சைக்கிள் என்று பழுதாகும் ஏதாவது ஒன்று இருக்கும். திருத்துபவர் அடுத்த முறை வரும்போது உள்ளே போய்விடாதீர்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு வேலையையாவது கற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.