குற்றவாளி யார்?

“சனியன் பிடித்த பூனை! விடிய விடிய இருமுகிறது. அதன் மூச்சுப் பட்டால் பிள்ளைக்கு இளைப்பு வந்துவிடும்!”

தலைச்சோலையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒண்டிக் கிடந்த ஊர்ப்பூனையைப் பற்றி, சென்ற விடுமுறையில் என் பாட்டி சொன்னது இது. என் தம்பிக்கு அப்போது இருமல். மறுநாளே பூனை சாக்கில் அடைக்கப்பட்டு, சேலம் செல்லும் மலைப்பாதையின் ஒரு கொண்டை ஊசி வளைவில் விடப்பட்டது. சாக்கின் வாயை விரித்துப் பிடித்தவள் நான்தான்.

சில நாள் கழித்து, மாடுகளுக்குத் தடுப்பூசி போட வந்த கால்நடை மருத்துவரிடம் இதைச் சொன்னேன். “பார்க்காமல் நோயைச் சொல்ல முடியாதம்மா. சளியாக இருக்கலாம், நுரையீரல் புழுவாக இருக்கலாம், இதயப்புழுவாகவும் இருக்கலாம்” என்றார். இதயத்தில் புழுவா? வியப்புடன் தேடிப் படித்தேன். படித்ததை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

இதயப்புழுவின் உண்மையான வீடு நாயின் உடல். அங்கே அது ஓர் அடி நீளம்வரை வளரும். நோயுற்ற நாயைக் கடிக்கும் கொசுவுக்குள் இளம்புழு நுழைகிறது. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அங்கே முதிர்ந்து, அடுத்த கடியில் வேறொரு நாய்க்கோ பூனைக்கோ செல்கிறது. பூனையின் உடலில் பெரும்பாலான புழுக்கள் வளரும் முன்பே நுரையீரலில் மடிகின்றன. அப்போது உண்டாகும் வீக்கமே இருமலும் மூச்சுத்திணறலும். ஒன்றிரண்டு புழுக்களே உயிரையும் பறிக்கக்கூடும். வளர்ந்த புழுவைக் கொல்லப் பூனைக்கு ஏற்ற பாதுகாப்பான மருந்து இல்லை. மாதந்தோறும் தரும் தடுப்பு மருந்து உண்டு. தெருப்பூனைக்கு அதை யார் தருவார்?

தோழியரே, கவனியுங்கள்! இந்நோய் பூனையின் மூச்சால் பரவுவதில்லை. பூனையின் இரத்தத்தில் இளம்புழு காணப்படுவதே அரிது. ஆகவே பூனை நோயைப் பெறுகிறதே தவிர, பெரும்பாலும் பிறருக்குத் தருவதில்லை. தருவது கொசு!

இது புதிய உண்மையன்று. யானைக்கால் நோய்ப் புழு கொசுவுக்குள் வளர்வதை 1877-ல் சீனாவில் பாட்ரிக் மான்சன் கண்டார். மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் ரொனால்டு ராஸ் கண்டது 1897-ல், நம் செகந்திராபாத்தில். இதயப்புழுவும் யானைக்கால் புழுவின் உறவே. நம் நாட்டில் அசாம், மிசோரம் நாய்களிடம் இது காணப்படுகிறது. இதன் இன்னொரு உறவுப்புழு, கேரளத்தில் மனிதரின் கண்ணிலிருந்தே எடுக்கப்பட்டிருக்கிறது. அதையும் கொண்டுவந்தது கொசுதான்.

“நம்முடையது குளிர்மலை ஆயிற்றே” எனலாம். 14 டிகிரி செல்சியசுக்குக் கீழே இதயப்புழு கொசுவுக்குள் வளராது என்பது உண்மை. மார்கழிக் குளிர் நமக்குக் காவல். சித்திரை வெயிலுக்கு யார் காவல்?

பூனையால் தீங்கே இல்லை என்று நான் வாதாடவில்லை. அது கடித்தாலோ பிறாண்டினாலோ, சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தொட்டால் கையைக் கழுவ வேண்டும். எச்சரிக்கை வேறு, பழி சுமத்துவது வேறு.

பூனை போன மறுவாரம், அது படுத்திருந்த இடத்தருகே இருந்த தண்ணீர் டிரம்மை எட்டிப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான கொசுப்புழுக்கள் நெளிந்தன! அந்த டிரம்மை மூடாமல் விட்டது பூனையா? கொட்டாங்கச்சியையும் பழைய டயரையும் மழையில் போட்டது பூனையா? நாம் வளர்த்த கொசுவுக்கு, வாயில்லாத உயிரைத் தண்டித்துவிட்டோம். தம்பியின் இருமலோ பூனை போன பிறகும் பல நாள் நீடித்தது.

கொசுவின் முட்டை பறக்கும் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். எனவே வாரம் ஒருமுறை தேங்கிய நீரைக் கொட்டித் தொட்டியைத் தேய்த்தால் போதும். பெற்றோரே, வீட்டில் ஒரு நாளை அதற்கென ஒதுக்குங்கள். அருட்சகோதரியரே, விடுதியில் அந்தப் பணியை மாணவியர் எங்களிடமே தாருங்கள்.

இப்போது ஞாயிறுதோறும் எங்கள் வீட்டு டிரம்மைப் பாட்டியும் நானும் தேய்க்கிறோம். அந்தப் பூனை மட்டும் திரும்பி வரவில்லை.

— பத்தாம் வகுப்பு மாணவி